அம்மாவோட சுகருக்கு எது: பாவக்காயா, வெந்தயமா, சிறுகுறிஞ்சானா, மாத்திரையா?

எங்க அம்மா சென்னை காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து கல்மண்டபம் பக்கம் விக்கிறவங்க, வயசு 54. ராத்திரி ரெண்டரை மணிக்கெல்லாம் எழுந்து கூடையை எடுத்துட்டு கிளம்பிடுவாங்க, நடுவுல ரெண்டு மூணு டீ, அதுக்கப்புறம் சாப்பாடு பதினோரு மணியோ பன்னண்டு மணியோ, யாபாரம் எப்போ முடியுதோ அப்போதான். போன ஆடி மாசம் கால் விரல்லாம் மரத்துப் போற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, நான் லேப்ல டெக்னீஷியன், நானே ரத்தம் எடுத்து மெஷின்ல போட்டேன். வெறும் வயித்துல 172, மூணு மாச சராசரிய காட்டுற ஹெச்பிஏ1சி 8.3. தினமும் யார் யாரோட ரிப்போர்ட்டோ என் கை வழியா போகுது, அம்மா பேரோட அந்த நம்பர் வந்தப்போ கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியல.

மூணே நாள்ல சேதி தெரு முழுக்க போயிடுச்சு. அத்தை பொன்னேரியில இருந்து வேலியில படர்ந்த சிறுகுறிஞ்சான் இலை ஒரு கவர் நிறைய கொண்டு வந்தாங்க, சித்தப்பா இன்சுலின் செடியை தொட்டியோட தூக்கிட்டு வந்தாரு, நாட்டு மருந்து கடையில இருந்து நாவல்கொட்டை பொடியும் காஞ்ச ஆவாரம்பூவும் வந்துச்சு, ஒரு கிலோ வெந்தயம், பாவக்காய் ஜூஸ் பாட்டில் ரெண்டு. இத்தனைக்கும் நடுவுல டாக்டர் எழுதிக் குடுத்த மெட்ஃபார்மின் 500 அட்டை பிரிக்காம கெடந்துச்சு. பக்கத்து வூட்டு அக்கா வந்து உக்காந்து, "யக்கா, மாத்திரை ஒருதபா போட ஆரம்பிச்சா அவ்ளோதான், காலம்பூரா துன்னுக்கினே இருக்கணும், கிட்னி பூடும், இயற்கையா இருக்கிறத துன்னு"ன்னு சொல்லிட்டு போனாங்க. அம்மா என்னைப் பாத்து, "நீ பயோகெமிஸ்ட்ரி படிச்சவதானே, எத துன்றதுன்னு நீயே சொல்லு, நான் அத மட்டும் துன்றேன்"னாங்க.

அதுக்காக ஒரு மாசம் உக்காந்து படிச்சதுதான் இது. எங்க வீடு மாதிரியே உங்க வீட்டு அடுப்பு மேடையிலயும் இதெல்லாம் வரிசையா இருந்தா உங்களுக்கும் உதவும்.

முதல்ல ஒரு விஷயம், இயற்கை ஒரு பக்கம், கெமிக்கல் இன்னொரு பக்கம்னு நாம பிரிச்சு வெச்சிருக்கோமே, அந்தக் கோடு சுகர் மருந்துல நிக்கவே நிக்காது. மெட்ஃபார்மினோட பாட்டி ஒரு செடி. ஐரோப்பாவுல கலேகா அஃபிசினாலிஸ்னு ஒரு மூலிகை, நம்ம ஊர் நாட்டு வைத்தியம் மாதிரி அங்க அத ரொம்ப காலமா குடுத்துட்டு இருந்தாங்க, அதுல கலேஜின்னு ஒரு பொருள் இருக்கு, அது சுகர கொறைக்கும், ஆனா நஞ்சு, அந்தச் செடியை மேஞ்ச ஆடு மாடே செத்திருக்கு. 1920கள்ல அத நேரா மனுஷனுக்கு குடுத்துப் பாத்து தாங்கலன்னு விட்டுட்டாங்க. அதே வம்சத்துல வர்ற மெட்ஃபார்மின 1922ல டப்ளின்ல ரெண்டு பேர் லேப்ல செஞ்சாங்க, அப்புறம் 1957ல ஜீன் ஸ்டெர்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் சுகர் நோயாளிங்களுக்கு குடுத்து எழுதினாரு, அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்சது 1995ல. அந்த அட்டையில இருக்கிறது செடியில நஞ்சா இருந்த ஒரு பொருளோட, மனுஷன் தாங்குற மாதிரி செஞ்ச சொந்தக்காரன்.

இன்சுலினும் அப்படித்தான், அது ஒரு புரதம், அமினோ அமிலம்ங்கிற சின்னச் சின்ன கண்ணிங்க 51 கோத்த ரெண்டு சங்கிலி. 1921ல டொரன்டோவுல நாயோட கணையத்துல இருந்து எடுத்தாங்க, 1922 ஜனவரியில 14 வயசு பையன் ஒருத்தனுக்கு முதல்ல போட்டாங்க, அதுக்கப்புறம் அறுபது வருஷம் மாட்டுக் கணையம் பன்னிக் கணையம்தான். அதுல அவங்க பட்ட பெரிய பாடு என்னன்னா, கணையத்துலயே ஜீரண நீரும் இருக்கு, அந்த நீர் இன்சுலின பிரிச்செடுக்கிறதுக்குள்ள கடிச்சுக் கொதறிடும். அப்போ அதே டொரன்டோ குழுவுல இருந்த மெக்லியோட்ங்கிற பேராசிரியர் மீன் பக்கம் போனாரு, ஏன்னா சில கடல் மீன்கள்ல இன்சுலின் சுரக்கிற பாகம் ஜீரண நீர் சுரக்கிற பாகத்தோட கலக்காம தனியா ஒரு சின்ன உருண்டையா இருக்கும், அதுல இருந்து இன்சுலின் சுலபமா வந்துச்சு. இத அம்மாகிட்ட சொன்னப்போ அவங்க பாறை மீன் அலசிட்டு இருந்தாங்க, கொடலை வெளிய இழுத்துப் போட்டு, "இதுக்குள்ளயா கீது அந்த ஊசி மருந்து?"ன்னு விரலால பெரட்டிப் பாத்தாங்க.

இந்த ஜீரண நீர் சமாச்சாரத்த மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் அதுதான் முடிவு பண்ணப் போகுது. ஒரு பொருள் ஒடம்புல எந்த எடத்துல வேலை செய்யணும், வாய் வழியா போட்டா அந்த எடத்துக்கு முழுசா போய் சேருதா? நான் எல்லாத்தையும் இந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் பாத்தேன்.

பாவக்காயில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுலதான் ஜனங்க ரொம்ப நம்பிக்கை வெச்சிருக்காங்க. பாவக்காயில செடி இன்சுலின் இருக்குன்னு வாட்ஸப்புல வருதே, அது வெறும் புரளி கெடையாது. பாலிபெப்டைட்-பி னு ஒரு புரதம் நிஜமாவே இருக்கு, 1981ல நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்களே அத பிரிச்செடுத்து சுகர் நோயாளிங்களுக்கு குடுத்துப் பாத்து சுகர் கொறஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. ஆனா ஃபார்வர்டுல வராத பாதி என்னன்னா, அத அவங்க ஊசியாதான் போட்டாங்க, தோலுக்கு அடியில. ஜூஸா குடுக்கல. ஏன் ஊசி? புரதம் வயித்துக்குள்ள போனா ஆசிட்டும் பெப்சினும் அத வெட்டும், அப்புறம் சிறுகுடல்ல டிரிப்சின் மிச்சத்த வெட்டும், கடைசியில உதிரி அமினோ அமிலமாதான் ரத்தத்துக்கு போகும். வஞ்சிரம் துண்டு சாப்பிட்டா நமக்கு புரதச் சத்து கெடைக்குது, வஞ்சிரத்தோட தசை அப்படியே நம்ம தசையில போய் ஒட்டிக்கிறதில்ல. பாவக்காய் புரதமும் அதே மாதிரி துண்டு துண்டாதான் உள்ள போகும். இன்சுலின வாயில போட முடியாம நூறு வருஷமா ஊசி குத்திட்டு இருக்கோமே, அதுக்கும் இதே காரணம்தான்.

சரி, பாவக்காயில புரதம் மட்டுமா இருக்கு, இல்ல. சாரன்டின்னு ஒரு பொருள், இன்னும் கசப்பு தர்ற குகுர்பிட்டசின் வகையறா எல்லாம் இருக்கு, இதெல்லாம் புரதம் இல்ல, அதனால வயித்த தாண்டிப் போக வாய்ப்பு இருக்கு. அதுக்கு மனுஷங்ககிட்ட பண்ண டெஸ்ட் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். 2011ல தாய்லாந்துல ஒரு ஆய்வு, காஞ்ச பாவக்காய தினம் 2000 மில்லிகிராம் ஒரு கூட்டத்துக்கும், மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் இன்னொரு கூட்டத்துக்கும் நாலு வாரம் குடுத்தாங்க, பாவக்காய் கொஞ்சம் கொறைச்சுது, மெட்ஃபார்மின் அத விட நல்லா கொறைச்சுது. பாவக்காய்லயே கம்மி டோஸ் சாப்பிட்டவங்களுக்கு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல. 2012ல, மருத்துவ ஆய்வுகள சேத்து அலசுற காக்ரேன் குழு அதுவரைக்கும் வந்த ஒழுங்கான ஆய்வெல்லாம் சேத்துப் பாத்துச்சு, தேறினது நாலே ஆய்வு, மொத்தம் 479 பேர், எதுவும் மூணு மாசத்த தாண்டல, இத வெச்சு பாவக்காய சுகர் மருந்துன்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னு முடிச்சாங்க.

அதனால பாவக்காய் எங்க வீட்டுல காயாவே இருக்கட்டும்னு முடிவு பண்ணேன், நல்ல காய், மாவுச்சத்து கம்மி, நார் இருக்கு, சோறு அளவ கொறைக்க உதவும். ஜூஸா தினம் டம்ளர் டம்ளரா குடிக்கிறதுதான் எனக்கு ஒப்பல, வயித்து வலியும் பேதியும் வரும், மாசமா இருக்கிறவங்களுக்கு ஆகாது, சுகர வேகமா எறக்குற மாத்திரை போடுறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்து சுகர் ரொம்ப கீழ போயிடலாம். வெதையில வைசின்னு ஒண்ணு இருக்கு, ஜி6பிடிங்கிற என்சைம் பொறப்புலயே கொறவா இருக்கிறவங்க அதனாலயே ஜாக்கிரதையா இருக்கணும்.

வெந்தயம் கதை வேற. இதோட சிறப்பு என்னன்னா, இது ரத்தத்துக்குள்ள போகவே வேணாம், இருந்த எடத்துலயே வேலை செய்யும். ராத்திரி ரெண்டு ஸ்பூன் ஊற வெச்ச டம்ளர காலையில விரல விட்டுப் பாருங்க, தண்ணி கொழகொழன்னு நூல் மாதிரி இழுக்கும். அந்தக் கொழகொழப்புதான் கேலக்டோமன்னன்ங்கிற நார். வெந்தயத்துல பாதிக்கு கிட்ட நார்தான். அது கொடல்ல போய் கஞ்சி மாதிரி கெட்டியாகி சோத்துல இருந்து வர்ற சர்க்கரை ரத்தத்துக்கு போற வேகத்த மட்டுப்படுத்தும், அதனால சாப்பிட்டதுக்கு அப்புறம் வர்ற ஏத்தம் கொறையும். நாரை நம்ம ஜீரண நீரால வெட்ட முடியாது, பாவக்காய் புரதத்துக்கு எது எமனோ அது இதுக்கு ஒண்ணும் செய்யாது. இது போக 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின்னு ஒரு உதிரி அமினோ அமிலமும் இருக்கு, லேப்ல அது இன்சுலின் சுரப்ப தூண்டுது. ஏற்கனவே உதிரியா இருக்கிறதால வெட்டுப்படவும் ஒண்ணுமில்ல.

ஹைதராபாத்ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. எண்ணெய் எடுத்த வெந்தயப் பொடிய தினம் நூறு கிராம் சப்பாத்தியில கலந்து பத்து நாள் குடுத்தாங்க, வெறும் வயித்து சுகரும் எறங்குச்சு, மூத்திரத்துல போற சர்க்கரை பாதிக்கு மேல கொறஞ்சுது. ஆனா நூறு கிராம்னா எவ்ளோன்னு யோசிங்க, ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமாரா நாலு கிராம்தான், நான் லேப் தராசுலயே போட்டுப் பாத்தேன். பிற்பாடு 25 கிராம் வரைக்கும் கொறைச்சும் குடுத்துப் பாத்திருக்காங்க, அதுவே ஆறு ஸ்பூன். அப்போ நாம தாளிக்கிறப்போ போடுற பத்து வெந்தயம் மருந்து கெடையாது, அது வாசனை. மருந்தா வேணும்னா ஸ்பூன் கணக்குல போகணும், போனா வயிறு உப்பும், வேர்வையில ஒரு மாதிரி இனிப்பு வாசனை வரும், அம்மா தலையணையில அத நானே மோந்தேன், பயப்படாதீங்க, வெந்தயத்துல இருக்கிற ஒரு பொருள் அப்படியே வெளிய வர்றதுதான். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம அளவ ஏத்தாதீங்க.

சிறுகுறிஞ்சான். இதப் பத்தி எழுத எனக்கு கைவலிக்காது. அத்தை கொண்டு வந்த இலையில ரெண்ட எடுத்து நல்லா மென்னு ஒரு நிமிஷம் வாயில வெச்சிருந்து கொப்புளிச்சிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். இனிப்பு இல்ல. கொஞ்சம் கூட இல்ல. மெரினா மணல வாயில போட்ட மாதிரி நறநறன்னு இருந்துச்சு, கரையுது, ஆனா ருசியே இல்லாம கரையுது. உப்பு போட்டா உப்பு தெரியுது, புளி தெரியுது, இனிப்பு மட்டும் காணோம். அரைமணி நேரம் கழிச்சு மெல்ல மெல்ல திரும்பி வந்துச்சு. இலையில இருக்கிற ஜிம்னீமிக் ஆசிட் நாக்குல இனிப்ப உணர்ற ஏற்பியில போய் ஒட்டிக்குது, அதான் காரணம். குர்மாரின்னு 35 அமினோ அமிலம் உள்ள ஒரு குட்டிப் புரதமும் அந்த இலையில இருக்கு, அதுவும் இனிப்ப அடைக்கும், ஆனா எலிக்குத்தான் ஜாஸ்தி, மனுஷன் நாக்குல அது பெருசா எடுபடாது. ஒரே இலை, ரெண்டு பொருள், ரெண்டு உயிருக்கு ரெண்டு விதம். எலிக்கு வேலை செஞ்சா நமக்கும் செய்யும்னு யாராவது சொன்னா நான் இதத்தான் சொல்லுவேன்.

நாக்க தாண்டி உள்ள போனா சுகர கொறைக்குமா? இதுக்கு நம்ம ஊர்லயே வேலை நடந்திருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துல பயோகெமிஸ்ட்ரி துறையில சண்முகசுந்தரம் குழு இந்த இலையில இருந்து ஜிஎஸ்4னு ஒரு சாறு எடுத்து, 1990ல ரெண்டு ஆய்வு வெளியிட்டாங்க. ஒண்ணுல 22 டைப் 2 நோயாளிங்க, வழக்கமான மாத்திரையோட சேத்து தினம் 400 மில்லிகிராம், 18ல இருந்து 20 மாசம் வரைக்கும். சுகர் கொறஞ்சுது, பல பேருக்கு மாத்திரை அளவ கொறைக்க முடிஞ்சுது, அஞ்சு பேர் மாத்திரைய நிறுத்திட்டு சாறுல மட்டும் இருந்தாங்க. கேக்க சந்தோஷமா இருக்கு, எனக்கு பெருமையாவும் இருக்கு, எங்க துறை. ஆனா 22 பேர்தான், யாருக்கு சாறு யாருக்கு வெத்து மாத்திரைன்னு சீட்டு குலுக்கிப் போட்டு கண்ண மறைச்சு பண்ண ஆய்வு இல்ல, அதுக்கு மேல பெரிய அளவுல அத யாராவது செஞ்சு முடிச்சிருந்தா அம்மா டாக்டரே அத எழுதிக் குடுத்திருப்பாரு. இன்னொன்னு, அவங்க குடுத்தது அளந்து எடுத்த சாறு, பொன்னேரி வேலியில பறிச்ச இலையில எத்தன மில்லிகிராம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? மழைக்கு ஒரு அளவு இருக்கும், வெயிலுக்கு ஒரு அளவு இருக்கும்.

இன்சுலின் செடி, பேருதான் இன்சுலின், அதுக்குள்ள இன்சுலின் இருந்தாலும் வயித்துல வெட்டுப்பட்டுத்தான் போகும், எலிகிட்ட பண்ண ஆய்வு நெறைய, மனுஷங்ககிட்ட உருப்படியா ஒண்ணும் இல்ல, சித்தப்பா மனசு நோகாம செடி பால்கனியில இருக்கு. நாவல்கொட்டையும் அதே நெலமைதான். ஆவாரம்பூ விஷயத்துல ஒண்ணு சொல்லணும், சித்தாவுல ஆவாரைக் குடிநீர்ங்கிறது தனி ஆவாரம்பூ டீ இல்ல, கொன்றை, நாவல், மருதம்பட்டை, கடலழிஞ்சில், கோரைக்கிழங்குன்னு பல சரக்கு சேந்த கூட்டு மருந்து. அத எடுக்கணும்னா படிச்ச சித்தா டாக்டர்கிட்ட போங்க, அரும்பாக்கத்துல அண்ணா மருத்துவமனை இருக்கு, அங்க நாடி பாத்து, ரிப்போர்ட் பாத்து, ஏற்கனவே போடுற மாத்திரைய கேட்டு குடுப்பாங்க. கடையில பூவ வாங்கி நாமளே கொதிக்க வெக்கிறது அந்த வைத்தியம் ஆகாது.

இந்த எடத்துல எங்க பெரியம்மா விஷயத்த சொல்லியே ஆகணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் நூறு சதவீதம் மூலிகைன்னு ஒரு டப்பா பொடி வித்தாரு, லேபிள்ல என்னென்ன சரக்குன்னு கூட இல்ல, ரூவா 2,400. மாத்திரைய நிறுத்திட்டு இத மட்டும் சாப்பிடுன்னாரு. ஒரு வாரத்துல சுகர் மடமடன்னு எறங்குச்சு, பெரியம்மா எல்லாருக்கும் ஃபோன் போட்டு சொன்னாங்க. பத்தாவது நாள் விடிகாலையில நைட்டி நனைய நனைய வேர்த்து, பேச்சு கொழறி, கட்டில்ல சாஞ்சு கெடந்தாங்க, நான் ஓடிப் போய் குத்திப் பாத்தா 46. சர்க்கரை தண்ணி கரைச்சு ஊத்தி, கண்ண தொறந்து என்ன அடையாளம் தெரிஞ்சுகிட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. வெறும் மூலிகை அவ்ளோ வேகமா சுகர எறக்காது. மூலிகைன்னு விக்கிற பொடிகள்ல கிளிபென்கிளமைட் மாதிரி சுகர எறக்குற அலோபதி மாத்திரைய நைசா அரைச்சு கலக்குறத பல நாடுகள்ல கண்டுபிடிச்சிருக்காங்க. பெரியம்மா டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு டெஸ்ட் பண்ண எங்களுக்கு வழியில்ல, ஆனா அன்னையில இருந்து லேபிள் இல்லாத பொடி எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

இப்போ மெட்ஃபார்மின். இது போய் சேர வேண்டிய எடம் ஈரல். ராத்திரி நாம சாப்பிடாம இருக்கிறப்போ ஈரல் சர்க்கரைய உற்பத்தி பண்ணி ரத்தத்துல விடும், சுகர்காரங்களுக்கு அது அளவு மீறிப் போகும், மெட்ஃபார்மின் அத அடக்குது. சின்ன மூலக்கூறு, புரதம் இல்ல, வயிறு அத வெட்டாது, போடுற அளவுல பாதிக்கு மேல ரத்தத்துக்கு போகுது. 1998ல இங்கிலாந்துல யூகேபிடிஎஸ்ங்கிற பெரிய ஆய்வு வந்துச்சு, குண்டா இருந்த சுகர் நோயாளிங்கள பத்து வருஷம் போல தொடர்ந்து பாத்ததுல மெட்ஃபார்மின் எடுத்தவங்களுக்கு மாரடைப்பும் சாவும் கொறஞ்சுது. நம்பர் எறங்குறது வேற, கால் கண்ணு ஹார்ட் தப்பிக்கிறது வேற, அந்த ரெண்டாவது கேள்விக்கு இத்தன வருஷ பதில் வெச்சிருக்கிறது மேடையில இருந்ததுல இந்த அட்டை மட்டும்தான்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு, அம்மாவோட வேலை. பன்னண்டு மணி வரைக்கும் சோறு இல்லாம வெயில்ல குந்தினு இருக்கிறவங்களுக்கு சுகர பட்டுனு கீழ தள்ளுற மாத்திரை ஆபத்து, மெட்ஃபார்மின் மட்டும் தனியா போட்டா பொதுவா சுகர் அப்படி விழாது.

கொறையும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. முதல் வாரம் அம்மாவுக்கு பேதி. வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது தொந்தரவு, மார்க்கெட்ல உக்காந்து யாபாரம் பண்ற பொம்பளைக்கு அது வேலையவே விட்டுட்டு ஓடுற சமாச்சாரம், பக்கத்துல ஒழுங்கான கழிப்பறை இல்ல, கூடைய யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டு ஓடணும். நாலாவது நாள் அம்மா மாத்திரைய மேடையில வெச்சிட்டு, "இது எனுக்கு ஒத்துக்காது, யாபாரம் கெட்டுப் பூடும்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். டாக்டர்கிட்ட போய் விஷயத்த அப்படியே சொன்னோம், அவரு மெல்ல மெல்ல கரையிற எஸ்ஆர் மாத்திரையா மாத்தி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுன்னு எழுதினாரு, ரெண்டு வாரத்துல வயிறு அடங்கிடுச்சு. நெறைய பேர் மாத்திரைய விட்டுட்டு பொடிக்கு ஓடுறது இந்த முதல் வாரத்துலதான்னு நெனைக்கிறேன், தயவு செஞ்சு டாக்டர்கிட்ட வாய தொறந்து சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

கிட்னி பயத்துக்கு வர்றேன். மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்காது, அது கிட்னி வழியா வெளிய போற மருந்து, அதனால கிட்னி ஏற்கனவே பழுதா இருந்தா ஒடம்புல தேங்கிடும், அப்போதான் கொறைக்கணும், இல்ல நிறுத்தணும். கிட்னிய அரிக்கிறது அடங்காத சுகர். கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டே போடலாம். வருஷக் கணக்கா போட்டா பி12 கொறையும், அதுவும் கை கால் மரத்துப் போக வெக்கும், அம்மாவுக்கு ஏற்கனவே மரப்பு இருக்கிறதால நான் வருஷத்துக்கு ஒருவாட்டி பி12 பாக்கப் போறேன். காசு விஷயம், கார்ப்பரேஷன் சுகாதார மையத்துல இலவசம், 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க.

இதுக்கு மேல ஒரு படி, இப்போ எல்லாரும் பேசுற வார ஊசிங்க. இதுவும் இயற்கையில இருந்து வந்த புரதக் கதைதான், அதுவும் ஒரு பல்லி எச்சில்ல இருந்து. அமெரிக்கப் பாலைவனத்துல கீலா மான்ஸ்டர்னு ஒரு விஷப் பல்லி, அது எச்சில்ல எக்ஸெண்டின்-4னு 39 அமினோ அமிலம் உள்ள பெப்டைட, 1992 வாக்குல ஜான் எங்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சாரு. நம்ம கொடல் சாப்பாடு வந்ததும் ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோன விடும், அது ரெண்டே நிமிஷத்துல ஒடஞ்சிடும், பல்லியோடது அதே வேலைய செஞ்சாலும் மணிக்கணக்குல ஒடையாம நிக்கும். 2005ல அது எக்ஸெனடைட்ங்கிற ஊசி ஆச்சு, அந்த வழியிலதான் செமாக்ளுடைட் வந்துச்சு. கூம்பு நத்தைன்னு கடல்ல ஒண்ணு இருக்கு, அது மீன புடிக்க இன்சுலினையே தண்ணியில கக்கும், மீன் சுகர் எறங்கி மயங்கிடும், நத்தை முழுங்கிடும். 2015ல இத கண்டுபிடிச்சாங்க, அந்த இன்சுலின் கட்டி கட்டியா சேராததால வேகமா வேலை செய்யுதுன்னு அத மாதிரி வேகமான மருந்து செய்யப் பாக்குறாங்க. நாப்பது வருஷமா மீன் கூடவே வாழ்ந்த அம்மா இத ரெண்டு தரம் சொல்லச் சொல்லி கேட்டாங்க.

இந்த செமாக்ளுடைட மாத்திரையாவும் கொண்டு வந்தாங்க, 2019ல. அதோட கணக்கப் பாருங்க, ஊசின்னா வாரத்துக்கு 1 மில்லிகிராம், மாத்திரைன்னா தினம் 14, அப்போ வாரத்துக்கு 98. அதுக்கும் கூடவே ஒரு தொணைப் பொருள் சேத்து, வெறும் வயித்துல, அரை டம்ளர் தண்ணியில, அரைமணி நேரம் வேற ஒண்ணும் தொடாம போடணும். இவ்ளோ பாதுகாப்பு குடுத்தும் வயித்த தாண்டிப் போறது நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. இனிமே யாராவது பாவக்காய் ஜூஸ்ல இன்சுலின் இருக்குன்னு சொன்னா இந்தக் கணக்க சொல்லுங்க. ஊசி இப்போதைக்கு அம்மாவுக்கு வேணாம்னு டாக்டரும் சொன்னாரு, எடை ரொம்ப ஜாஸ்தி இருந்தாலோ ஹார்ட் பிரச்சனை இருந்தாலோ யோசிக்கலாம்னாரு, எங்க வருமானத்துக்கும் அது எட்டாது.

தம்பி விஷயம் தனி. அவனுக்கு ஹெச்பிஏ1சி 5.9, பார்டர்ல இருக்கான். சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு இப்படி பார்டர்ல இருந்த 531 பேர மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்ட ஆய்வு இருக்கு, ஒண்ணுமே செய்யாத கூட்டத்துல நூத்துக்கு 55 பேர் சுகர்காரங்க ஆனாங்க, நடையும் சாப்பாட்டு மாத்தமும் செஞ்ச கூட்டத்துல 39 பேர், மெட்ஃபார்மின் எடுத்தவங்கள்ல 40, ரெண்டும் சேத்தவங்கள்லயும் 39 சில்லறை. அவனுக்கு நான் மாத்திரையும் சொல்லல, பொடியும் சொல்லல. டோல்கேட்ல எறங்கி வீடு வரைக்கும் நடக்கச் சொல்லிட்டேன், ராத்திரி பரோட்டா கட்.

அம்மாவுக்கு கடைசியா எடுத்தது இது. மெட்ஃபார்மின் எஸ்ஆர் ராத்திரி, இதுதான் அஸ்திவாரம், டாக்டர் சொல்லாம தொடக் கூடாது. வெந்தயம் ஊற வெச்சது ரெண்டு ஸ்பூன், மதியம் சோத்துக்கு முன்னாடி தண்ணியோட, அப்போதான் அது அந்தச் சோத்தோடயே கொடல்ல போய் நிக்கும், வெறும் வயித்துல விடிகாலையில முழுங்கிட்டு எட்டு மணி நேரம் கழிச்சு சாப்பிட்டா யாருக்கு பிரயோஜனம்? நார் மருந்த இழுத்துப் புடிக்கலாம்ங்கிறதால மாத்திரை நேரத்துல வெந்தயம் கெடையாது. பாவக்காய் வாரத்துக்கு ரெண்டு நாள், கொழம்பா, பொரியலா. ஜூஸ் பாட்டில் ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டேன்.

சிறுகுறிஞ்சான வெச்சு என்ன பண்றதுன்னுதான் ரொம்ப நாள் யோசிச்சேன், தூக்கிப் போட மனசு வரல. ஹார்பர்ல அம்மா விடியிறதுக்குள்ள மூணு டீ குடிப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் மூணு ஸ்பூன் சக்கரை, சொல்லி சொல்லிப் பாத்தும் விட முடியல. அந்த இலை சந்தேகமில்லாம வேலை செய்யிற எடம் நாக்குதானே, அதுக்கு டோஸ் கணக்கும் வேணாம், வயித்த தாண்டவும் வேணாம். அதனால முந்தானையில நாலு இலைய முடிஞ்சு வெச்சுக்கோ, டீக்கு முன்னாடி ஒண்ண மென்னு துப்பிடுன்னேன், துப்பணும்னு ரெண்டு தரம் சொன்னேன். முதல் நாள் அம்மா டீய வாயில வெச்சிட்டு டீக்கடை அண்ணன திட்டியிருக்காங்க, சக்கரையே போடலன்னு. ரெண்டு வாரத்துல, ருசியே தெரியாததுக்கு எதுக்குடி சக்கரைன்னு அவங்களே வேணாம்னுட்டாங்க, இப்போ இலை இல்லாமலே சக்கரை இல்லாத டீதான்.

ஐப்பசியில திரும்ப எடுத்தேன், வெறும் வயித்துல 126, ஹெச்பிஏ1சி 7.1. சிவப்பணு நாலு மாசம் போல உசுரோட இருக்கும், அதனால இந்த டெஸ்ட்ட மூணு மாசத்துக்கு முன்னாடி திரும்ப எடுத்து பிரயோஜனமில்ல. இதுல மாத்திரைக்கு எவ்ளோ பங்கு, வெந்தயத்துக்கு எவ்ளோ, விட்ட ஒம்பது ஸ்பூன் சக்கரைக்கு எவ்ளோன்னு ஒரு ஆள வெச்சு பிரிச்சு சொல்ல முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். கால் மரப்பு இன்னும் முழுசா போகல, அதுக்கு நாளாகும்னு டாக்டர் சொன்னாரு, தினம் ராத்திரி நான் அம்மா பாதத்த டார்ச் அடிச்சு பாக்குறேன், மீன் முள்ளு குத்தினாலும் அவங்களுக்கு தெரியாது இல்ல.

இப்போ ஏலத்துல கூட நிக்கிற நாலஞ்சு பொம்பளைங்க அந்த இலைய கேக்குறாங்களாம். போன வாரம் அத்தைகிட்ட இன்னொரு கவர் சொல்லி வாங்கினோம். அம்மா குடுக்கிறப்போ சொன்னத கூட இருந்து கேட்டேன்: "இந்தா புடி, மென்னுட்டு துப்பிடு, இது நாக்குக்குதான். மாத்திரைய நிறுத்தினேன்னு கேள்விப்பட்டேன், இலையும் கெடையாது, கடனுக்கு மீனும் கெடையாது."